ஒப்பீட்டு ரத்தம்

கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்துக்கு ஓர் ஆரோக்கியமான ஆள் தேவைப்பட்டது. வெளியே போய்த் தேட யாருக்கும் பொழுதில்லை. ஆய்வகத்தை நடத்திவந்த சீனியர் அக்கா கையுறையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, அறையில் இருந்தவர்களைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருக்காவது சளி, இருமல், காய்ச்சல், வீக்கம், சீழ், சிரங்கு, ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் வந்து என்கிட்ட மூக்கைச் சிந்தக் கூடாது."

ஒருத்திக்குத் தூசு ஒவ்வாமை. இன்னொருவன் முந்தின நாள்தான் தடுப்பூசி போட்டிருந்தான். மிச்சம் இருந்தது சின்னவன்.

"எனக்குக் கடைசியா எப்ப உடம்பு சரியில்லாம போச்சுன்னே ஞாபகம் இல்லக்கா," என்றான்.

இதைச் சொல்லும்போதே அவன் நாக்கு, இடது கடைவாய்ப்பல்லின் அடியில் உப்பியிருந்த ஈறை மெல்லத் தடவிக்கொண்டிருந்தது. அந்தப் பல் சில நாட்களாக அவனோடு ஓயாமல் பேசிவந்தது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கத்தும். சூடாகக் குடித்தால் முனகும். ஒன்றும் குடிக்காவிட்டால் என்ன செய்யலாம் என்று யோசிக்கும்.

"பெரிய பயில்வான்," என்றாள் அக்கா. "கையை நீட்டு."

நீட்டினான். கையில் குத்தும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்ளலாம். அதில் அவனுக்குச் சிக்கல் இல்லை.

சின்னவன் என்பது வீட்டில் வைத்த பெயர். அந்த மையத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். பட்டம் இன்னும் வரவில்லை. தெருவில் மட்டும் ஏற்கெனவே டாக்டராகிவிட்டான். எதிர்வீட்டுக்காரர் மூட்டு வலிக்கும், கீழ்வீட்டு அம்மா தலைச்சுற்றலுக்கும் யோசனை கேட்பார்கள். முதல் வருடம், "நான் அந்த டாக்டர் இல்லீங்க," என்று சொல்லிப் பார்த்தான். அடுத்த வருடம், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னான். இந்த வருடம் நாடி பிடித்துப் பார்க்கிறான்.

ஆராய்ச்சி இதுதான். உடம்புக்குள் ஒரு காவல்படை இருக்கிறது. எங்காவது புண், வீக்கம், கிருமி என்றால் அந்தப் படை சில புரதங்களை அனுப்பித் தங்களுக்குள் சேதி சொல்லிக்கொள்ளும். சைட்டோகைன்கள் என்று அவற்றுக்குப் பெயர். ஆய்வகத்தில் வளர்த்த கருவைக் கர்ப்பப்பையில் வைக்கிற சமயத்தில் இந்தப் படை அமைதியாக இருந்தால் கரு தங்க வாய்ப்பு அதிகமா, கூச்சலும் குழப்பமுமாக இருந்தால் குறைவா, ரத்தத்தைப் பார்த்தே இதை முன்கூட்டிச் சொல்லிவிட முடியுமா?

சிகிச்சைக்கு வரும் பெண்களின் ரத்தத்தை ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் வரிசையாக விடுவார்கள். மருந்து சேர்த்தால் குழி மஞ்சளாகும். புரதம் ஏற ஏற மஞ்சளும் ஏறும். ஆனால் தட்டுக்குத் தட்டு நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால் எல்லாத் தட்டுகளிலும் மூலைக் குழியில் ஒரே ஆளின் ரத்தத்தை வைப்பார்கள். நோய் நொடி இல்லாத ஆள். அவருடைய மஞ்சளுக்கு இந்தப் பெண் எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்துத்தான் எண் போடுவார்கள். அதுதான் ஒப்பீட்டு ரத்தம். முன்பு அதைக் கொடுத்தவர் வேலை மாறிப் போய்விட்டார். அவர் விட்டுப்போன ரத்தமும் தீரும் நிலைக்கு வந்துவிட்டது.

"பழசு கொஞ்சம் மிச்சம் இருக்கு," என்றாள் அக்கா. "அதையும் உன்னுதையும் ஒரே தட்டுல பக்கத்துல பக்கத்துல போட்டு ஒத்துப் பார்த்துட்டு, அப்புறமா மாத்து."

"பார்த்துடறேன்க்கா."

பார்க்கவில்லை. தன் ரத்தத்தைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது.

பல்லைப் பற்றி அக்காவிடம் ஏன் சொல்லவில்லை என்றால், அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே ஒரு பல் மருத்துவமனை இருந்தது. சொன்னால் அக்கா அவன் காதைப் பிடித்துக் கீழே இழுத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். அங்கே வாய்க்குள் ஊசி போடுவார்கள். வாய்க்குள் குத்தும்போது எந்தப் பக்கம் பார்ப்பது? கொஞ்ச நாளாகவே அவன் முன்வாசல் வழியாக வருவதில்லை. பல் மருத்துவமனையின் கிராம்பு வாசனை மூக்கில் பட்டாலே கால் தானாகத் திரும்பிவிடுகிறது. சுற்றிக்கொண்டு பின்பக்கப் படிக்கட்டில் ஏறி வருவான். உடற்பயிற்சிக்காக என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவனும் அவர்கள் நினைப்பைக் கெடுக்கவில்லை.

வீட்டில் தினமும் மாலை அவன்தான் அண்ணிக்கு ஊசி போடுவான்.

அண்ணிக்குக் கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. அதே மையத்தில்தான் சிகிச்சை. கருக்கள் வைத்துப் பார்த்து நிற்கவில்லை. இப்போது உறைநிலையில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அதை வைப்பதற்கு உடம்பைத் தயார் செய்யத்தான் இந்த ஊசி. அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கட்டடங்களின் உச்சியிலிருந்து கம்பிக் கயிற்றில் தொங்கியபடி சர்வ சாதாரணமாகப் போனில் பேசுவார். ஊசியைப் பார்த்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே சரிவார்.

"வலிக்குதா அண்ணி?"

"நீ வாயை மூடிட்டுப் போட்டா வலிக்காதுடா."

சமையலறையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. "முடிஞ்சுதா? நான் வரலாமா?"

"வாங்க, வாங்க. ரத்த ஆறு ஒண்ணும் ஓடல. வீட்டுல ஆம்பளைங்கன்னு ரெண்டு பேரு. அதுல ஒண்ணு பஞ்சைப் பார்த்தாலே படுத்துடுது."

"அதான் தம்பி இருக்கான்ல."

"அவன் இருக்கப் போய்த்தான் இந்த வீட்டுல தைரியம்னு ஒரு பொருளே இருக்கு," என்றாள் அண்ணி, கையைத் தேய்த்துக்கொண்டே.

சின்னவன் வாயை மூடியபடியே தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறந்தால் பல்லில் காற்றுப் படும்.

அந்த வாரம்தான் மையத்தின் டாக்டரம்மா அண்ணியையும் அண்ணனையும் உட்கார வைத்துப் பேசினார். கர்ப்பப்பை உட்சுவரில் முன்பு கொஞ்சம் வீக்கம் இருந்தது. மருந்து கொடுத்தாயிற்று. இப்போது அடங்கியிருக்கும், அடங்காமலும் இருக்கலாம். இந்த மாதமே கருவை வைக்கலாம். ஒரு மாதம் பொறுத்து, உள்ளே நன்றாக ஆறிய பிறகும் வைக்கலாம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இருப்பது ஒன்று என்பதால் யோசித்துச் சொல்லுங்கள்.

யோசிப்பதற்கு அண்ணி சின்னவனிடம் வந்தாள்.

"டேய், என்னோட ரத்தமும் உங்க ஆராய்ச்சியில இருக்குல்ல? அது என்ன சொல்லுது?"

"அதெல்லாம் வெளியே சொல்லக் கூடாது அண்ணி," என்றான், இன்னொரு தடவை கேட்கச் சொல்லும் குரலில்.

"சும்மா சொல்லுடா."

"குழாய்ல பேரே இருக்காது. நம்பர்தான். எது யாருதுன்னு எங்களுக்கே தெரியாது."

"என் ரத்தத்தை நீதானே எடுத்தே? நீதானே நம்பர் ஒட்டினே?"

ஒட்டியவன் அவன்தான். நம்பரும் நினைவில் இருந்தது. மறுநாள் தட்டைப் படித்தபோது கண் தானாக அந்தக் குழிக்குப் போயிற்று. குழியில் மஞ்சள் இருந்ததா என்பதே சந்தேகம். மூலையில் அவனுடைய குழி மஞ்சளாக மின்ன, அதன் பக்கத்தில் அண்ணியின் குழி வெறும் தண்ணீர் போலத் தெரிந்தது. அவ்வளவு அமைதி. சின்னவனுக்குச் சந்தோஷத்தில் பல்வலி கூட மறந்துபோனது.

அன்றைக்குச் சொன்னான். "கண்ணை மூடிக்கிட்டு இந்த மாசமே வைங்க அண்ணி. உள்ளே பரம அமைதி."

"நிஜமாவா?"

"நான் சொல்றேன்ல?"

அண்ணி ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். நாள் முழுக்க வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் வேலை. வருகிறவர் எவ்வளவு அடித்துச் சொன்னாலும் நம்பமாட்டாள். பழைய வில்லையையே மறுபடி போட்டு, புதியது மாதிரிக் கேட்டு, ஆளைச் சோதித்துவிட்டுத்தான் எழுதுவாள். கொழுந்தனிடம் மட்டும் ஒரே தடவைதான் கேட்டாள்.

இந்த மாதமே என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டாள். அதோடு நிற்கவில்லை. முதல் தடவைக்குப் பிறகு ஒருபோதும் செய்யாததைச் செய்தாள். தன் அம்மாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

முதல் தடவை சிகிச்சை செய்தபோது அம்மாவிடம் சொல்லியிருந்தாள். கரு நிற்கவில்லை. அம்மா துக்கத்தைத் தனியாகத் தாங்கமுடியாமல் சொந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். அவர்கள் ஆளாளுக்கு வந்து அண்ணியின் கையைப் பிடித்து, வயிற்றைப் பார்த்துக்கொண்டே ஆறுதல் சொன்னார்கள். அன்றிலிருந்து, இனி எதையும் நடந்து முடிந்த பிறகுதான் சொல்வது என்று அண்ணி வாயைப் பூட்டிக்கொண்டாள். இப்போது அந்தப் பூட்டைத் திறந்திருக்கிறாள்.

"இல்லம்மா, இந்தத் தடவை வேற. தம்பியே பார்த்துச் சொல்லிட்டான். ஆமா, ரத்தத்துலயே தெரிஞ்சுடுமாம். ஆமாம்மா, அவன் அதுலதானே படிக்கிறான்? நீ வந்து கூட இரு. வேலையில லீவு சொல்லிடு."

பக்கத்து அறையில் இருந்த சின்னவனுக்குப் பெருமையாக இருந்தது. இடது கன்னம் கொஞ்சம் உப்பியிருந்ததை அவன் பெருமையின் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டான்.

கருவை வைக்க இரண்டு நாள் இருந்தபோது சீனியர் அக்கா அந்த மாதத்துத் தட்டுகளின் எண்களைக் கணினியில் வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள்.

"என்னடா இது? இந்த மாசம் வந்த பொம்பளைங்க எல்லாரும் இப்படி அடங்கி ஒடுங்கி இருக்காங்க? ஒருத்திக்குக் கூட ஏறல. எல்லாருமா கூடிப் பேசித் தியானத்துக்குப் போயிட்டு வந்தாங்களா?"

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். சின்னவனும் சிரிக்க வாயைத் திறந்தான். பல் சுரீர் என்றது. சிரிப்பு பாதியில் நின்றது.

எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அவன் உறைபெட்டியைத் திறந்து, பழைய ஒப்பீட்டு ரத்தத்தின் கடைசிக் குழாயை எடுத்தான். செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாமல் விட்ட வேலையை அப்போது செய்தான். ஒரு தட்டில் பழைய ரத்தம், பக்கத்தில் அவன் ரத்தம், அதற்குப் பக்கத்தில் அண்ணியுடையது. மருந்தை விட்டுவிட்டுக் காத்திருந்தான்.

பழைய ஆளின் குழி வெளிறிய மஞ்சள். அண்ணியுடையது அதைவிட நன்றாகவே மஞ்சள். அவனுடையது, அடிக்கோடிடும் பேனாவை உடைத்து ஊற்றியது போல இருந்தது.

அவனுடைய பல் உடம்பு முழுக்கச் சேதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கூச்சலுக்குப் பக்கத்தில் நின்றால் யாரும் அமைதியானவர்கள்தான். அண்ணிக்கு உள்ளே வீக்கம் அடங்கவில்லை. அடங்கிவிட்டது என்று அவன் சொன்னது, தன் சீழை அளவுகோலாக வைத்து.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். இன்றைக்கே சொல்லிவிடுவது என்று படியேறினான்.

அண்ணி அம்மாவுக்காக அறையை ஒழித்துக்கொண்டிருந்தாள். "வந்தியா? நல்ல நேரத்துக்கு வந்தே. அந்தக் கட்டிலை இந்தப் பக்கம் இழு. அம்மாவுக்கு ஜன்னல் காத்து ஆகாது."

இழுத்தான்.

"அண்ணி..."

"என்னடா?"

"இந்தப் பக்கம் போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

இன்னும் கொஞ்சம் இழுத்தான். பிறகு அண்ணியே ஊசி மருந்தைக் கொண்டுவந்து கையை நீட்டினாள். போட்டான். எதற்கும் உதவாமல் போகப்போகிற மருந்து என்று தெரிந்தே போட்டான். அண்ணியின் கைத்தசையில் பழைய ஊசிகளின் நீலத் தடங்கள் இருந்தன. குத்தாத இடமாகத் தேடவேண்டியிருந்தது. தேடிக் கண்டுபிடித்து, குத்தினான். அண்ணியோ, அம்மா வந்தால் எந்தத் தலையணை கொடுப்பது என்று அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

அண்ணனிடமாவது சொல்லலாம் என்று பார்த்தான். அண்ணன் வாசலில் பாதுகாப்பு வாரின் கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒருவேளை இந்த மாசம் வேணாம்னு..."

"யாரு வேணாம்னா?"

"யாரும் இல்ல. சும்மா."

"சும்மா கூட அப்படிச் சொல்லாதடா. அவ இப்பத்தான் சிரிக்கிறா."

மறுநாள் காலை ஆய்வகத்தில் சீனியர் அக்காவைத் தனியாகப் பிடித்தான்.

"அக்கா, ஒரு சந்தேகம். ஒருத்தருக்குப் பல்லுல லேசா ஏதாவது இருந்தா, அது ஒப்பீட்டு ரத்தத்துல..."

"எந்த ஒருத்தருக்கு?"

தரையைப் பார்த்தான்.

"வாயைத் திற."

உறைபெட்டிக்குள் தேடுவதற்கு வைத்திருந்த டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பார்த்தாள். "அடப்பாவி! லேசாவா? உள்ளே ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணுதேடா! இதை வச்சுக்கிட்டா கையை நீட்டினே? நான் சீழ்னு தனியாக் கேட்டேனே! கீழ்த்தளத்துலயே டாக்டர் இருக்கார்!"

"அதான்க்கா பயம்."

அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு மாத வேலையைத் திரும்பச் செய்யவேண்டும் என்று தெரிந்தும் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "சரி, தட்டை எல்லாம் திரும்பப் போட்டுக்கலாம். மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கே? இன்னும் என்ன?"

"அண்ணி நம்பர் எனக்குத் தெரியும். பார்த்துச் சொல்லிட்டேன். அதை நம்பித்தான் நாளைக்கு வைக்கறதா முடிவு பண்ணாங்க."

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. டார்ச்சை அணைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் அவனுக்கு முன்னால் நடந்து, டாக்டரம்மாவின் அறைக்கதவைத் தட்டினாள்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். நடுவில் ஒரு தடவை, "எந்தப் பல்லு?" என்று மட்டும் கேட்டார்.

"இந்த எண்ணை வச்சு நான் யாருக்கும் எதுவும் சொல்றதில்ல," என்றார் கடைசியில். "இது எத்தனை பேருக்குச் சரியா வரும்னு நமக்கே இன்னும் தெரியாது. தெரியாதுங்கறதாலதான் ஆராய்ச்சி பண்றோம். தெரிஞ்ச மாதிரி வீட்டுல போய்ச் சொல்ற அளவுக்கு நீ எப்ப வளர்ந்தே?"

சின்னவன் கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"உன் அண்ணி இன்னைக்கு மதியம் ஸ்கேனுக்கு வர்றாங்க. வச்சுக்கறதா வேணாமான்னு அப்புறம் நான் அவங்களோட பேசறேன். அதுக்கு முன்னாடி அவங்களுக்கு விஷயம் தெரியணும். அதை நான் சொல்ல மாட்டேன். போ, முதல்ல அந்தப் பல்லைக் கவனி. அதை வாயில வச்சுக்கிட்டு என் கட்டடத்துக்குள்ள நடமாடாதே."

சீனியர் அக்கா கூடவே வந்தாள், ஓடிவிடுவானோ என்று. கிராம்பு வாசனை வந்தது. நாற்காலி சாய்ந்தது. பயந்து முடிப்பதற்குள் ஊசி முடிந்துவிட்டது. உண்மையிலேயே அவ்வளவுதான். ஈறில் ஒரு கிள்ளு, பிறகு மரத்துப்போதல். இன்னும் பயங்கரமாக ஏதாவது நடக்கும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டு கிடந்தான். எதுவும் நடக்கவில்லை. பல் மட்டும் வெளியே வந்திருந்தது. பெரிதாக வலித்திருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும்.

கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு காத்திருப்புக் கூடத்துக்கு வந்தபோது, அண்ணி அங்கே உட்கார்ந்திருந்தாள். மதிய நேரக் கூட்டம். வரிசையாகப் பெண்கள். சிலர் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தி மடக்கி வைத்திருந்தார்கள். பாதிப் பேருக்கு ரத்தம் எடுத்தது அவன்தான். ஒவ்வொருவரிடமும், "ஒண்ணும் இல்லம்மா, இதுக்கெல்லாம் பயப்படலாமா?" என்று சொல்லியிருக்கிறான்.

"என்னடா கன்னம் பன்னு மாதிரி இருக்கு?" என்றாள் அண்ணி.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில் சொன்னான். நாக்கும் உதடும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. இருந்தாலும் அண்ணி பார்வை சோதிக்கிறவள். மங்கலாக இருப்பதைப் பொறுமையாகப் படிக்கத் தெரியும். முதலில் வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்துச் சிரித்தாள். ரத்தம் கொடுத்தது, ஒத்துப் பார்க்காதது, குழி, மஞ்சள் என்று அவன் போகப் போக, சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் உதட்டிலேயே விட்டிருந்தாள்.

"அப்ப உள்ளே அமைதியா இல்ல."

"இல்ல அண்ணி. ஆனா அதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது."

"இத்தனை நாள் போட்ட ஊசி?"

"தள்ளி வச்சா, திரும்ப முதல்லேருந்து போடணும்."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு ஊசி போடறப்ப எல்லாம் உனக்கு இந்தப் பல்லு வலிச்சுதா?"

"வலிச்சுது."

"சொல்லியிருந்தா நான் கூட வந்திருப்பேனே."

இதற்கு அவன் தயாராக இருக்கவில்லை. திட்டுக்குத் தயாராக வந்திருந்தான்.

அதற்குள் செவிலி வந்து கூப்பிட, அண்ணி எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள். நேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"தள்ளி வச்சாச்சு," என்றாள். "ஒரு மாசம் மருந்து, அப்புறம் பார்க்கலாம்னாங்க. கரு பத்திரமா இருக்காம். நானே கேட்டுத்தான் முடிவு பண்ணேன். யாரு சொல்லியும் இல்ல." பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "இனிமே ஊசிக்கு நீங்க சிரமப்பட வேண்டாம். செவிலிகிட்டக் கத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்," என்றாள்.

நீங்க. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவனை டேய் என்று மட்டுமே கூப்பிட்டவள்.

பிறகு போனை எடுத்தாள். அவள் அம்மா அன்று மாலை கிளம்புவதாக இருந்தது.

"அம்மா... கிளம்பிடலையே? கேளு. இந்த மாசம் இல்ல. ஆமா, தள்ளிப் போச்சு. இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகல." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டாள். "தம்பி சொன்னது சரிதாம்மா. நான்தான் அவசரத்துல தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். அவன் என்ன பண்ணுவான், பாவம்? இல்லம்மா, நீ யாருகிட்டயும் எதுவும்... எத்தனை பேருகிட்டச் சொன்னே? சரி. சரி விடு. பரவால்ல."

சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தன்னைப் பிறந்த வீட்டின் முன்னால் விட்டுக்கொடுக்காமல் அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். நல்லதாகப் போயிற்று என்று அவனுக்குள் ஏதோ ஒன்று மூச்சு விட்டது. அந்த மூச்சு அவன் காதிலேயே விழுந்தது. அதைப் போல அசிங்கமான ஒன்றை அவன் அதுவரை தன்னிடம் பார்த்ததில்லை.

கையை நீட்டினான். "போனைக் குடுங்க அண்ணி."

"வேணாம்."

"குடுங்க."

அவள் கொடுத்தாள்.

"அத்தை, நான்தான் பேசறேன். அண்ணி மேல தப்பு இல்ல. தப்பு என்னுது. எனக்குப் பல்லுல சீழ் இருந்துச்சு. அதை மறைச்சுட்டு ரத்தம் குடுத்தேன்."

மரத்த வாயிலிருந்து அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அந்தப் பக்கத்தில் அண்ணியின் அம்மா பதறினாள். "ஐயோ, அழாதீங்க தம்பி! நீங்க அழுதா எப்படி? அவளுக்குத் தைரியம் சொல்ற ஆளே நீங்கதானே?"

அழுகிறான் என்று நினைத்துவிட்டாள். ஒரு கணம் அதையே ஒப்புக்கொண்டு போனை வைத்துவிடலாம் போல இருந்தது. அழுகிறவனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

"அழல அத்தை. பல்லு பிடுங்கியிருக்கு. நான் சொல்றதைக் கேளுங்க."

"என்னப்பா? சரியாக் கேக்கல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சின்னவன் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான். உட்கார்ந்தபடி அந்தக் குரல் வராது என்று தோன்றியது.

"எனக்குப் பல்லுல சீழ் இருந்துச்சு, அத்தை! அதை மறைச்சேன்! அந்த ரத்தத்தை வச்சு அண்ணிக்குத் தப்பாச் சொல்லிட்டேன்! அவங்க என்னை நம்பினாங்க!"

முழங்கையை மடக்கி உட்கார்ந்திருந்த பெண்கள் வரிசையாகத் திரும்பினார்கள். முகப்பு மேசைக்காரி தொலைபேசியைக் காதில் வைத்தபடி பேச்சை நிறுத்திவிட்டாள். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"பல்லு வலின்னா காட்டியிருக்கலாமேப்பா? எதுக்கு மறைச்சீங்க?"

"பயந்துட்டேன் அத்தை."

"எதுக்குப் பயம்?"

வரிசையில் முதலாவதாக இருந்த பெண்ணுக்கு அன்று காலைதான் நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் குத்தியிருந்தான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்காக.

"ஊசிக்கு."

"கேக்கலப்பா."

"ஊசிக்கு, அத்தை! ஊசிக்குப் பயந்து!"